தனிஸ்லாஸின் மேல் குடியிருந்தவை

மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ஈச்சம்பாட்டுக் கடல் தன் நிறத்தை விட்டிருந்தது. தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. அலை வந்தது, நுரை வந்தது, உப்பு உப்பாகவே இருந்தது, படகுகள் முந்தின நாள் போலவே மிதந்தன. ஆனால் கரையிலிருந்து இருபது பாகம் ஆழம் வரைக்கும், ஒரு தென்னையின் தலையில் இன்னொரு தென்னையை நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு ஆழம் வரைக்கும், அடித்தரை அப்படியே தெரிந்தது. மணலின் நெளிவு தெரிந்தது, அதன்மேல் ஊர்ந்துபோன நண்டின் கால்தடம் தெரிந்தது, படகுகளின் நிழல் தரையில் விழுந்து கிடப்பது தெரிந்தது.

முதல் மூன்று நாள் ஏன் இப்படி ஆனது என்று கேட்டோம். நான்காம் நாளிலிருந்து, இனி எப்படித் தொழிலுக்குப் போவது என்று கேட்க ஆரம்பித்தோம். படகில் ஏறி நின்றவர்களுக்கு அந்தரத்தில் தொங்குவது போலத் தலை சுற்றியது, நாற்பது வருடம் கடலில் கிடந்தவர்கள் பலகையில் குப்புறப் படுத்துக் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டார்கள், படகின் இரண்டு பக்கமும் தார்ப்பாய் கட்டிப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. பங்குச் சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில், இது வரமா சாபமா என்று தனக்குத் தெரியாது என்றும், எதுவானாலும் பூசைக்கு நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து கருங்கல் பாலத்தில் வரிசையாக நின்று பார்த்தார்கள். அவர்களுக்குச் சுண்டலும் சர்பத்தும் விற்றோம். காணாமல் போனதென்று நாங்கள் நினைத்திருந்த பலதும் கீழே கிடந்தது: மாதா சொரூபம் ஒன்று, சைக்கிள் இரண்டு, களவு போய்விட்டதென்று தொம்மை சொல்லி ஊரையே ஒருவரையொருவர் சந்தேகப்பட வைத்த என்ஜின்.

அதெல்லாம் ஒரு வாரம். அப்புறம் பார்க்கப் பார்க்க எங்களுக்குப் பேச்சு குறைந்தது. அடித்தரையை வாரி இழுக்கும் வலைகளான இழுவைமடிகள் போய்வந்த தடம் உழுத வயல் போலக் கோடு கோடாகக் கிடந்தது. கோடுகளுக்கு நடுவே ஒன்றும் அசையவில்லை. மீன் படாத நாளில் 'கீழ கெடக்கு, மேல வரல' என்று சொல்லிக்கொண்டுதான் வலையை உலர்த்துவோம். இனி அதைச் சொல்ல முடியாமல் போயிற்று.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆரிஃபா மேடத்தின் வேலையில் சேர்ந்தார்கள். ஆரிஃபா கீழக்கரைக்காரர், கடற்கரையோரம் இரண்டே அறைகள் உள்ள ஆய்வு நிலையத்தை நடத்தியவர், நான்கு வருடமாக ஒரே காரியத்துக்காக அலைந்துகொண்டிருந்தார். கடல் தரையில் எந்த இடத்தில் எந்த உயிர் இருக்கிறது என்று எழுதிவைத்த நோட்டுகள் ஆளுக்கொரு பக்கம் பூட்டிக் கிடந்தன. ஒரு கல்லூரியில் புழுக்கள், ஓர் அலுவலகத்தில் சிப்பிகள், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் கட்டிலுக்கடியில் நட்சத்திர மீன்கள். ஒரே புழுவுக்கு மூன்று நோட்டில் மூன்று பெயர் இருந்ததால் அது மூன்று புழுவாக எண்ணப்பட்டிருந்தது. அவற்றையெல்லாம் சேர்த்து, கம்ப்யூட்டரில் ஒரே பதிவேடாக்கி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். போன இடத்திலெல்லாம் டீ கொடுத்து அனுப்பினார்கள். கடல் தெளிந்த பிறகு அவர்களே போன் செய்தார்கள்.

பதிவேட்டில் ஏற்றுகிற வேலையைச் செய்தவள் தெல்பினா. அவள் புருஷன் தனிஸ்லாஸ் சங்கு குளிக்கிறவன். படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வருகிற காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கி, சங்கு பொறுக்கி ஏறுகிறவன். மூன்று வருடத்துக்கு முன் இறங்கியவன் ஏறவில்லை. குழாய் மட்டும் வந்தது. மேலே அதைப் பிடித்துக்கொண்டிருந்தவன் பிளேவியன், தனிஸ்லாஸைவிட நாலு வயது இளையவன், அண்ணன் அண்ணன் என்று பின்னாலேயே திரிந்தவன். கலங்கரை விளக்குக்கு நேர் தெற்கே, பதினாலு பாகத்தில் என்று அவன் காட்டிய இடத்தில் ஊர்ப் படகுகள் எல்லாம் பதினோரு நாள் தேடின. உடல் கிடைக்கவில்லை. அதனால் அடக்கப் பூசை இல்லை, கல்லறை இல்லை. தெல்பினா தாலியைக் கழற்றவும் இல்லை, வெளியே தெரியும்படி போடவும் இல்லை.

தனிஸ்லாஸின் அம்மா கித்தேரி, நீரோட்டம் தன் மகனை அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டது, அங்கே யாரோ தூக்கிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், வருவான் என்று சொன்னாள். மாமியும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்ததால் தெல்பினா அதை மறுக்கவில்லை. மறுக்காமல் இருந்து இருந்து, உயிரோடு இருக்கிறவன் ஏன் வரவில்லை என்று அவள் மனது கேட்க ஆரம்பித்தது. அக்கரையில் அவனுக்கு ஒரு வீடும் அந்த வீட்டில் ஒருத்தியும் இருப்பதாக அவளாகவே முடிவு செய்தாள். சோறு வடிக்கும்போதும் துணி பிழியும்போதும் அவனோடு வாய்க்குள்ளேயே சண்டை போட்டாள்.

கடல் தெளிந்த நாளிலிருந்து கித்தேரி கடல் பக்கம் திரும்பவில்லை. சன்னலில் சாக்கு தொங்கவிட்டாள், சந்தைக்குப் பின்தெரு வழியாகப் போனாள், தலைசுற்றல் என்று சொன்னாள், நாங்களும் நம்பினோம்.

ஆரிஃபா கடலை முன்னூறு கட்டமாகப் பிரித்திருந்தார். பிளேவியனின் படகு ஒரு கட்டத்தின் மேல் போய் நிற்கும். பெண்கள் இரண்டு பக்கமும் குனிந்து கீழே தெரிவதைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தெல்பினா எழுதுவாள்: தேதி, இடம், ஆழம், உயிர், எத்தனை, எதன் மேல் இருந்தது, பார்த்தவர் பெயர். ஊர்ப் பெயரும் எழுதுவாள், ஆரிஃபா சொல்லும் நீளப் பெயரும் எழுதுவாள். பதினேழாம் கட்டத்தில் பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"இங்க ஒண்ணுமில்ல மேடம். அடுத்ததுக்குப் போவமா?" என்றாள் தெல்பினா.

"'இல்லை'ன்னு எழுதிட்டுப் போகலாம்."

"இல்லாதத எதுக்கு மேடம் எழுதணும்?"

"வெறுமனே விட்டா, அங்க யாரும் போய்ப் பார்க்கலைன்னு அர்த்தம். 'இல்லை'ன்னு எழுதினா, பார்த்தோம், இல்லைன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணாயிடாது, தெல்பினா."

அப்படி அவள் 'இல்லை' என்று எழுதினாள், மறுநாளும் எழுதினாள், பங்குனி முழுக்க, சித்திரை முழுக்க, வெயிலில் முகம் கறுத்துப்போக எழுதினாள், ஆனி முடிந்தபோது நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட கட்டங்களில் அந்த ஒரே சொல் இருந்தது. ஆண்கள் நிலையத்துக்கு வந்து திரையைப் பார்த்தார்கள். "இத வெளிய காட்டாதீங்க மேடம், ஊரு மானம் போயிரும்" என்றார் தொம்மை. "கடலே வெளிய காட்டிடுச்சே அண்ணே" என்றார் ஆரிஃபா.

ஆடியில் ஒரு கடிதம் வந்தது. எங்களுக்கு வடக்கே புதுத் துறைமுகம் ஒன்றுக்காகக் கடலை ஆழமாக்கும் வேலை தொடங்க இருந்தது. தோண்டுகிற சேற்றை எங்கேயாவது கொட்ட வேண்டும். அந்த வேலையை எடுத்த கம்பெனிக்காரர்கள் எங்கள் பதிவேட்டைத் திறந்து பார்த்திருந்தார்கள். கொக்குத்தீவுக்கு வடக்கே உள்ள இருநூற்றுப் பதினேழாம் கட்டத்தில் எந்த உயிரும் பதிவாகவில்லை, ஆகையால் அங்கே கொட்டுவதாக முடிவு செய்திருக்கிறோம், ஆட்சேபணை இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் தெரிவிக்கவும், தங்கள் பதிவேடு எங்களுக்கு மிகவும் உதவியாக இருந்தது, நன்றி என்று எழுதியிருந்தார்கள்.

தெல்பினா திரையில் அந்தக் கட்டத்தைத் தேடினாள். 'இல்லை' என்றுகூட அதில் எழுதியிருக்கவில்லை. வெறுமனே இருந்தது. சுற்றியுள்ள எல்லாக் கட்டத்துக்கும் போயிருந்தார்கள். அதற்கு மட்டும் போகவில்லை.

"அங்க பாறை மதினி, என்ஜின் விசிறி மாட்டிக்கிடும்" என்றான் பிளேவியன்.

"இப்பத்தான் பாறை கண்ணுக்குத் தெரியுதே. பாத்துப் போ."

அவன் அன்றைக்கு என்ஜின் சரியில்லை என்றான். மறுநாள் காய்ச்சல் என்றான். மூன்றாம் நாள் தெல்பினா வேறு படகு பார்க்கிறேன் என்று சொன்னதும், கயிற்றை அவிழ்த்தான்.

பதினோரு மணி வெயிலில் போய்ச் சேர்ந்தார்கள். எட்டுப் பாகம்தான் ஆழம். தீவைச் சுற்றி யாரும் தொழில் செய்யக் கூடாது என்று அரசாங்கம் தடுத்திருந்த இடம். மடி இழுத்த கோடு ஒன்றுகூட இல்லை. கூட வந்த நான்கு பெண்களுக்கும் பேர் சொல்லி மாளவில்லை. கடல் விசிறி, கடல் அட்டை, சிவப்பு நட்சத்திர மீன், கறுப்புக் கடல் முள்ளெலி, இன்னொன்று, அந்தா இன்னொன்று, எழுது எழுது என்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். அத்தனை மாதத்தில் அந்தப் படகில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு ஒருத்தி நிறுத்தினாள். அப்புறம் அடுத்தவள்.

பவளப் பாறையின் மடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். தெல்பினா முதலில் பார்த்தது இடுப்பு பெல்ட்டை. முங்குவதற்குக் கட்டும் ஈயக்கட்டிகள் நழுவாமலிருக்க நீலக் கித்தானில் அவளே பை வைத்துத் தைத்துக் கொடுத்த பெல்ட் அது. ஒரு பை மட்டும் கோணலாகத் தைத்திருந்தாள். அந்தக் கோணல் மேலிருந்து தெரிந்தது.

பிளேவியன் என்ஜின் பக்கத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இங்கதான் எறங்குனிங்களா?" என்று தெல்பினா கேட்டாள்.

"ஆமா மதினி. இங்க காவக்காரங்க புடிச்சா படகு போயிரும்னு தெரியும். அண்ணன்தான், அரை மணி நேரம்லே, ஒரு பயலுக்கும் தெரியாதுன்னான். கம்ப்ரசர் நின்னுட்டு. நான் குழாய இழுத்தேன். லேசா வந்துது."

"செத்துட்டாருன்னு தெரிஞ்சுதான் வேற எடத்தக் காட்டுனியா?"

"தெரியும்."

"பதினோரு நாளு நீயும் எங்ககூட வந்து தேடுனியே."

"தேடுனேன்."

அவள் அவனை அடிப்பாள் என்று பெண்கள் நினைத்தார்கள். அவள் படகின் விளிம்பில் குனிந்து வெகுநேரம் கீழே பார்த்தாள். மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் அவள் சண்டை போட்ட ஆள் எங்கேயும் போயிருக்கவில்லை. அக்கரையில் வீடு இல்லை, ஒருத்தியும் இல்லை. கரையிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், போட்ட பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் கிடந்திருக்கிறான். தான் பேசிய ஒவ்வொரு பேச்சும் நினைவுக்கு வர, அவளுக்கு அழுகைக்கு முன்னால் வெட்கம் வந்தது. பிறகு எழுதுகிற அட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பேர் சொல்லப் பெண்களுக்கு வாய் வரவில்லை. அவளே பார்த்து அவளே எழுதினாள். விலா எலும்புகளுக்குள் நீலக் குஞ்சு மீன், பதினான்கு. தோளில் கடற்பஞ்சு, மஞ்சள், ஒன்று. பெல்ட்டின் மேல் சிப்பி, ஒன்பது. முழங்காலில் பவளம், உள்ளங்கை அகலம், ஒன்று. தாடையிலும் விரல்களிலும் சுண்ணாம்புக் குழாய் கட்டி வாழும் புழு, ஏழு. வலது கையில் கடல் சாமந்தி, வெள்ளை, ஒன்று. அவன் பொறுக்கிய சங்குகள் வலைப்பைக்குள்ளேயே இருந்தன. அவற்றுக்குள் துறவி நண்டுகள் குடிவந்திருந்தன, ஐந்து. அப்படிப் பதினோரு வகை.

நிலையத்துக்கு வந்து கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றினாள். 'எதன் மேல் இருந்தது' என்ற கேள்வியில் கை நின்றது. மணல், சேறு, பாறை, பவளம், சிப்பி ஓடு, பிற என்று ஆறு பதில்களைக் கம்ப்யூட்டர் காட்டியது.

"'பிற'ன்னு போட்டுட்டு விட்டுரலாம் தெல்பினா. விளக்கம் கட்டாயம் இல்ல" என்றார் ஆரிஃபா.

"விளக்கம் எழுதாட்டி நம்புவாங்களா மேடம்? ஒரே எடத்துல இத்தனையும் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்கள்ல?"

"கேப்பாங்க."

"எழுதுனா யாரு வேணும்னாலும் பாக்கலாம்."

"ஆமா."

"அப்ப மாமிக்கும் தெரிஞ்சிரும்."

இதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஏற்றினால் பார்த்ததை மறைத்ததாகும். அந்தக் கட்டத்தின் பதிவு எதையும் சேமிக்காமல் எழுந்து வீட்டுக்குப் போனாள். பதினைந்து நாள் அது அப்படியே இருந்தது. அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கித்தேரிக்கு மட்டும் தெரியாது என்று நாங்கள் நினைத்தோம். அவள் வந்தால் குரலைத் தாழ்த்தினோம். குழாயடியில் அவள் குடத்தை முதலில் வைக்கவிட்டோம். குளிர்ந்த தண்ணீர் வேண்டுமா, நாற்காலி வேண்டுமா என்று கேட்டோம். ஆட்சேபணை சொல்ல மூன்று நாள் பாக்கி இருந்தபோது, காலையில் பின்வாசலில் சாளை மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டே கித்தேரி மருமகளைக் கூப்பிட்டாள்.

"ஏ தெல்பி. தொம்மை பொண்டாட்டி மீனுக்குத் துட்டு வேண்டாங்கா. எழவு வீட்டுக்குத்தான் அப்படிக் குடுப்பா. எங்க கெடக்கான்?"

தெல்பினா வாசல்படியில் உட்கார்ந்தாள். "கொக்குத்தீவுக்கு வடக்க மாமி. எட்டுப் பாகத்துல."

கித்தேரியின் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு மீனைச் சுரண்டினாள். "தனியாவா கெடக்கான்?"

"இல்ல மாமி." தெல்பினா மனப்பாடமாகச் சொன்னாள், மீன் பதினான்கு, பஞ்சு ஒன்று, சிப்பி ஒன்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கையில என்ன சொன்ன?"

"கடல் சாமந்தி. வெள்ள கலரு. தண்ணி அசையும்போது விரியுது, அப்புறம் மூடிக்கிடுது."

"அவன மேல கொண்டுவந்தா அதுகளுக்கு?"

"செத்துரும் மாமி."

"எழுதாம விட்டா?"

"சேத்தக் கொண்டாந்து மேல கொட்டிருவாங்க."

கித்தேரி சட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். "வருவான்னு நா சொன்னேனே, நம்புனியா?" என்று கேட்டாள். தெல்பினா படியில் கிடந்த செதிலைப் பொறுக்கினாள். "நானும் நம்பல. நீ நம்புறியேன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றாள் கித்தேரி. பிறகு, "எழுது. எலும்புன்னு எழுதாத. பேர எழுது" என்று சொல்லிவிட்டு மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், அன்றைக்கெல்லாம் அந்த வீட்டிலிருந்து கேட்ட அழுகையை நாங்கள் தெருவில் நின்று கேட்டோம், யாரும் உள்ளே போகவில்லை.

பதினோரு பதிவிலும் தெல்பினா ஒரே வரியை எழுதினாள்: பிற. தனிஸ்லாஸ் ராயன், வயது நாற்பத்தொன்று, ஈச்சம்பாடு. ஏதோ ஒரு தேசத்திலிருந்து புழுக்களைப் படிக்கிற ஒருவர், இது உங்கள் பக்கத்துப் பாறை ஒன்றின் பெயரா என்று கேட்டு எழுதினார். இல்லை, என் புருஷன் என்று தெல்பினா பதில் போட்டாள். அவரிடமிருந்து பதில் வரவில்லை; ஆனால் அவர் தன் தேசத்து நோட்டுகளை எல்லாம் அந்த வாரமே பதிவேட்டில் சேர்த்துவிட்டார் என்று ஆரிஃபா சொன்னார்.

போலீஸ் வந்தது. இறங்கிப் பார்த்த ஆள் மேலே வந்து, பாறையும் அவரும் ஒன்றாகிவிட்டார்கள், உடைக்காமல் எடுக்க முடியாது என்றான். தன் மகன் அங்கேயே இருக்கட்டும் என்று கித்தேரி கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். அடையாளத்துக்காக ஒரே ஒரு விரல் எலும்பை எடுத்தார்கள். சோதனை முடிந்து வந்ததும் டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டியில் வைத்து, ஆள் உயரக் குழி வெட்டி, அடக்கப் பூசை வைத்துப் புதைத்தோம். அந்த விரலோடு வந்த குழாய்ப் புழு நிலையத்து மேசையில், கடல் தண்ணீர் ஊற்றி வைத்தும், அன்று மாலையே செத்துப்போனது. தெல்பினா ஏழை அடித்துவிட்டு ஆறு என்று திருத்தினாள்.

அடக்கத்துக்கு மறுநாள் பிளேவியன் வந்து கித்தேரியின் வீட்டு முன்னால் வெயிலில் நின்றான். ஊரில் யாரும் அவனோடு பேசுவதில்லை. கித்தேரி அவனை உள்ளே கூப்பிட்டு, "சொல்லுலே, காலையில இருந்து சொல்லு" என்றாள். அவன் அன்று குடித்த காப்பியிலிருந்து குழாய் லேசாக வந்தது வரைக்கும் சொன்னான். முடித்ததும், "நாளைக்கும் வா" என்றாள். அவன் போனான். மறுநாளும் வந்து சொன்னான். அதற்கு மறுநாளும் சொன்னான். மறந்ததெல்லாம் நினைவுக்கு வந்து கதை நீண்டுகொண்டே போனது, தனிஸ்லாஸ் இறங்குமுன் பாடிய பாட்டு, காலில் குத்திய முள், கடைசியாகச் சொன்ன கெட்ட வார்த்தை. அது தண்டனையா மன்னிப்பா என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

கம்பெனிக்காரர்கள் பதிவேட்டுக்குக் கட்டுப்பட்டார்கள். இருநூற்றுப் பதினேழை விட்டுவிட்டு, இருநூற்று நான்காம் கட்டத்தில் கொட்டுவதாகச் சொன்னார்கள். அதில் 'இல்லை' என்று இருந்தது. எங்கள் கண்ணால் பார்த்து, எங்கள் கையால் எழுதியது; ஆட்சேபணை சொல்ல எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. ஐப்பசியில் சேறு ஏற்றிய மிதவைகள் வந்தன. தண்ணீர் முதலில் அரிசி கழுவிய நீர் போல ஆனது, பிறகு டீயைப் போல ஆனது; பன்னிரண்டு நாளில் கரையிலிருந்து தீவு வரைக்கும், தீவையும் தாண்டி, கடல் மூடிக்கொண்டது. மழை போய், பனி போய், நீரோட்டம் திரும்பியும் அது திறக்கவில்லை. படகில் யாருக்கும் தலை சுற்றவில்லை. தார்ப்பாய்களை அவிழ்த்து மடித்து வைத்தார்கள். ஒருவரும் அதற்குச் சந்தோஷப்படவில்லை. சேறு நீரோட்டத்தோடு எவ்வளவு தூரம் போயிருக்கும், தீவுக்கு வடக்கே என்ன மிஞ்சியிருக்கும் என்று தெல்பினா கேட்டபோது, ஆரிஃபா மேப்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தெரியாது என்றார்.

தனிஸ்லாஸ் இறந்த தேதியில் மூன்று பேரும் படகில் போனார்கள். கித்தேரி அன்றைக்குத்தான் கடலைப் பார்த்து நடந்தாள். பிளேவியன் இடம் பார்த்து என்ஜினை நிறுத்தினான். இந்த முறை சரியான இடம். தெல்பினா செபம் சொன்னாள். சுற்றிலும் தண்ணீர் பழுப்பாக, கனமாக, எதையும் காட்டாமல் அசைந்துகொண்டிருந்தது. கித்தேரி விளிம்பில் சாய்ந்து வலது கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மணிக்கட்டுக்குக் கீழே கை தெரியவில்லை. முழங்கை வரைக்கும் விட்டாள். முழங்கை வரைக்கும் காணாமல் போனது. அப்படியே, கீழே யாரோ தொடுவதற்குக் காத்திருப்பவள் போலவோ, யாரையோ தொட்டுக்கொண்டிருப்பவள் போலவோ, கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். பிறகு கையை எடுத்தாள். விரல்களில் ஒட்டியிருந்த சேற்றைச் சேலையில் துடைக்கப் போனவள், துடைக்காமல், கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுலே என்ஜின" என்றாள். "காத்து ஏறுது. வீட்டுக்குப் போவம்."